பார் மெஷினும் மலைப்பக்கத்து ஜன்னலும்

கிர்ர்ர்... டக். எங்கள் பாருக்குப் படியேறி வருகிறவர்கள் காதில் முதலில் விழுவது இந்தச் சத்தம்தான். கதவைத் திறந்தாலும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, லைட்டை அவ்வளவு கம்மியாக வைத்திருப்போம். கண் பழகினால் மேஜைகள் தெரியும், அப்புறம் தலைகள், கடைசியாகக் கவுண்டரில் உட்கார்ந்து கார்டு மெஷினிலிருந்து சீட்டைக் கிழித்துக்கொண்டிருக்கும் நான்.

பார் கேஷியர் வேலை என்பது குடித்தவருக்கு ஒரு தடவையும் குடிக்காத ஓனருக்கு ஒரு தடவையும் அதே கணக்கைச் சொல்லி, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ரைஸ் மில் வாட்ச்மேன், லாட்ஜ் ரிசப்ஷன், இப்போது இது. எல்லாமே ராத்திரி வேலை. பகலில் படுத்தால் தூக்கம் பிடிக்காது. ஊரே நடமாடுகிற நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பதில் மனசு எங்கெங்கோ போகும். அதை அடக்கத்தான் கார்டு மெஷின் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் கார்டைச் செருகுகிறார். அந்தச் சேதி எங்கோ இருக்கிற அவருடைய பேங்க் வரைக்கும் போய், இவர் நல்லவர்தானா என்று கேட்டுக்கொண்டு, வேலு அண்ணன் ஒரு சோடாவை உடைப்பதற்குள் திரும்பி வந்துவிடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வேலு அண்ணன் எங்கள் மூத்த சப்ளையர். அவருக்கு எதற்கும் சிலிர்க்காது.

ஓனர் வைத்த கெடு

எங்கள் ஓனர் கஜேந்திரன் அண்ணனுக்கு இரண்டு கடை. கீழே டிபன் கடை, மேலே பார். கீழே விபூதியோடு உட்காருவார், மேலே வரும்போது துடைத்துக்கொள்வார். அவரை வாட்டியது மெஷின் கமிஷன். கார்டில் வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பேங்க் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். அது போக, ஒவ்வொரு தடவை கார்டைத் தேய்ப்பதற்கும் தனியாக ஒரு சின்ன தொகை. பார் என்றால் வம்பு பிடித்த தொழிலாம், அதனால் ரேட்டும் ஜாஸ்தி. ஸ்கேன் பண்ணிக் கட்டச் சொல்லலாமே என்பீர்கள். மாதக் கடைசியில் எங்கள் ஆட்கள் வருவதே கடன் கார்டை நம்பித்தான்.

அந்த மாதம் பேங்க் பிடித்ததைப் பார்த்துவிட்டு, கத்தாமல், என் மூஞ்சியையும் பார்க்காமல் சொன்னார். "பௌர்ணமிக்குள்ள கமிஷன் இறங்கலன்னா மெஷின திருப்பிக் குடுத்துடுவேன். ரொக்கம் வாங்கிப் போட என் மச்சான் போதும், நீ வேற எடம் பாத்துக்க."

ரவுண்டுக்கு ஒரு தேய்

கமிஷன் ஏறியதற்குப் பாதிக் காரணம் எங்கள் வாடிக்கையாளர்களின் குடும்ப நிலவரம். வேங்கிக்கால் பக்கம் ஆபீசில் வேலை பார்க்கிற சார் ஒருவர் வருவார். பெயர் வேண்டாம், கண்ணாடி சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரவுண்டு வந்ததும் கார்டை நீட்டுவார். இரண்டாவதுக்கு மறுபடி, சுண்டலுக்குத் தனியாக, கடைசி ரவுண்டுக்கு இன்னொன்று. அவரைப் பார்த்து மற்ற மேஜைகளிலும் அதே பழக்கம். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அந்தச் சின்ன தொகை போய்க்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டுங்கள் சார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தார். "என் கார்டுக்கு மெசேஜ் வர்றது வீட்டம்மா போனுக்கு. சின்னச் சின்னதா போச்சுன்னா பெட்ரோல், காய்கறின்னு எதையாவது சொல்லிக்குவேன், மொத்தமா போச்சுன்னா நான் இன்னா சொல்றது?"

முப்பது இட்லி

கண்ணாடி சார் மசியவில்லை என்றதும் ஓனரே ஒரு வழி கண்டுபிடித்தார். டிபன் கடை மெஷினுக்கு ரேட் கம்மி. பார் பில்லையும் அதிலேயே தேய்த்துவிடு என்றார். இது ஆகாது அண்ணா, பேங்க்குக்குத் தெரிந்தால் இரண்டு மெஷினும் போகும் என்றேன். கேட்கவில்லை. வேலு அண்ணன் ஒவ்வொரு பில்லுக்கும் கார்டுக்காரரோடு படியிறங்கி, சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நிறுத்தித் தேய்த்துவிட்டு வந்தார்.

ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அப்படிக் கட்டினார். மறுநாள் தன் கணக்கில் ஏதோ ஒரு டிபன் கடை பெயரைப் பார்த்து, கார்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று புகார் கொடுத்துவிட்டார். பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்த பேங்க், அதை எங்களிடம் அபராதத்தோடு பிடித்துக்கொண்டது. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில நாள் கழித்து அந்த மனுஷர் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தார். டிபன் கடைப் பக்கம் நடந்து போனவர், அன்று ராத்திரி கவனிக்காத போர்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்து திரும்பியிருக்கிறார். பாருக்குள் வந்து, தான் குடித்ததற்கு ரொக்கமாக எடுத்து வைத்தார். யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டிய பணம். தெரியாத ஊரில் அதைத் தேடி வந்து கட்டுகிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கற்றுக்கொண்ட தமிழை ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி அவர் சொன்னார். "மூணு பீர் நான் குடிச்சேன், அது உண்மை. முப்பது இட்லி நான் சாப்பிடலை."

படிக்கட்டில் நின்ற மேடம்

அந்தப் புகாரை விசாரிக்க பேங்க்கிலிருந்து ஷபானா மேடம் வந்தார். உள்ளூர்க்காரர்தான், அவர் அப்பா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். பார் திறக்காத பகல் நேரம். இருந்தாலும் உள்ளே வரமாட்டேன் என்று படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். மூடின பாருக்குள் நானும் வெளியே அவருமாக, நடுவில் கதவுநிலை.

டிபன் மெஷின் விஷயத்துக்கு நன்றாகத் திட்டினார், இனி நடக்காது என்று ஓனரிடம் எழுதி வாங்கிக்கொண்டார். போகிற நேரத்தில் தைரியத்தை வரவழைத்து, எங்கள் ரேட்டைக் கொஞ்சம் குறைக்க முடியுமா மேடம் என்று கேட்டேன். கேட்டால் மெஷினையே பிடுங்கிவிடுவார்கள் என்று அதுவரை பயந்துகொண்டிருந்தேன். அவர் அங்கேயே நின்று தன் மேலதிகாரிக்குப் போன் பண்ணினார், நாலு வார்த்தை பேசினார், நூற்றுக்கு இவ்வளவு என்று பேங்க் எடுக்கிற பங்கு இறங்கிவிட்டது. பகலெல்லாம் தூக்கமில்லாமல் நான் புரண்டது, அந்த நாலு வார்த்தையில் போய்விட்டது. ஆனால் தேய்ப்புக்கு ஒரு தொகை என்பது எல்லாருக்கும் பொது, அதில் கைவைக்க முடியாது, தேய்ப்பு எண்ணிக்கையை நீங்கள்தான் குறைக்க வேண்டும் என்றார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "கேட்டிருந்தா எப்பவோ குறைச்சிருப்போங்க. உங்க கடையில யாருமே கேக்கலியே."

திரை

பாதி இறங்கியது. மீதிப் பாதி கண்ணாடி சாரின் கையில் இருந்தது, பௌர்ணமியும் வந்துவிட்டது.

எங்கள் ஹாலில் மேற்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் உண்டு. திறந்தால் நேர் எதிரே மலை. அண்ணாமலையார் பார்க்க எவனும் குடிக்க வேண்டாம் என்று ஓனர் அதில் கனமான திரை தொங்கவிட்டிருந்தார். அதை யாரும் தொட்டதில்லை. அன்று பொழுது சாயும்போதே கிரிவலத்துக்கு வந்த ஜனம் ரோட்டை அடைத்துவிட்டது. அத்தனை பேர் கையிலும் போன். எங்கள் மெஷினில் சிக்னல் செத்துப்போனது. முதல் ரவுண்டுக்குக் கார்டை நீட்டியவர்கள் நீட்டியபடியே இருந்தார்கள். ஓனர் மேலே வந்து, முடிந்தது கதை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

வேலு அண்ணன்தான் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஹால் முழுக்கச் சுற்றினார். ஜன்னல் பக்கம் ஒரு கோடு சிக்னல் காட்டியது. ஓனர் வேண்டாம் என்று சொல்வதற்குள் திரையை ஒதுக்கி, கையை வெளியே நீட்டினார்.

நிலா அப்போதுதான் கிழக்கே ஏறியிருந்தது. அதன் வெளிச்சம் முழுவதும் எதிரே மலைமேல். பாறைக்குப் பாறை தெரிந்தது. கீழே ரோட்டில் தலைகள் ஆறுபோல நகர்ந்துகொண்டிருந்தன. மேஜைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். இந்த ஊரிலேயே பிறந்து, ராத்திரியெல்லாம் விழித்திருந்தே காலத்தை ஓட்டியவன் நான். திரைக்கு அந்தப் பக்கம் இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் இங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியது.

கட்ட வேண்டுமென்றால் அங்கே வந்துதான் கட்டியாக வேண்டும். முதலில் எழுந்தவர் ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. அடுத்தவரும் கழற்றினார். அப்புறம் ஒரு வரிசையே நின்றது, வெறுங்காலோடு, கையில் கார்டோடு. ஓனர் ஓரமாக நின்று, மேலே வரும்போது துடைத்த நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணாடி சார் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. குடித்து முடித்து, சுண்டலையும் முடித்து, கடைசியில்தான் எழுந்து வந்தார். எல்லாம் சேர்த்து ஒரே பில்லாகப் போடச் சொன்னார். வீட்டில் என்ன சொல்வீர்கள் சார் என்று கேட்டேன். மலையைப் பார்க்காமல், குனிந்தபடி நம்பரை அழுத்திக்கொண்டே சொன்னார். "அவகிட்ட எத்தினி தபா வேணா பொய் சொல்லிக்குவேன்பா. இவரு எதிர்ல ஒரு தபாக்கு மேல வந்து நிக்க முடியாது."

மறுநாள் ஓனர் மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதற்கு ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டார், திரையை மூடச் சொல்லவும் இல்லை. எல்லாரும் ஆளுக்கு ஒரே தேய்ப்பு என்று ஆகிவிட, நான் தூக்கத்தை விட்டு இறக்கப் பார்த்த கமிஷனில் மீதிப் பாதியை மலை சும்மா நின்றே இறக்கிவிட்டதால், எனக்கு மிஞ்சியது தீர்ந்துபோன பேப்பர் ரோலைக் கழற்றிவிட்டுப் புது ரோல் மாட்டும் வேலைதான், அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.