அண்ணனுக்கேற்ற கூட்டம்

எங்கள் அண்ணன் இல்லாத முதல் ஆண்டு இன்றோடு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களுக்கு, அவருடைய ஒரே தங்கை என்ற முறையில் இதை எழுதுகிறேன். "குடிச்சதெல்லாம் மலர்ல போடணுமா?" என்று சித்தப்பா தயங்கினார். அண்ணிதான், "போடட்டும் மாமா. அவர் குடிச்சது எல்லாருக்கும் தெரியும். எப்படி விட்டார்னுதான் தெரியாது" என்றார்.

அண்ணன் பிறந்தது துறைமுகத்தை ஒட்டிய பாகான் டாலாமில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அவர் திடீரெனக் காலமானபோது அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு அதே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் கிரேன் ஓட்டுநரானார். என்னைப் படிக்கவைத்தவரும், என் திருமணத்தை முன்நின்று நடத்தியவரும் அவரே. கோயில் அன்னதானம் என்றால் காய் நறுக்க முதலில் போய் உட்காருவார்.

வேலை முடிந்து நண்பர்களோடு பீர் என்று தொடங்கியது, காலையில் பசியாறுவதற்கு முன்பே சம்சு என்னும் மலிவுச் சாராயம் என்ற நிலைக்கு வந்தது. கை நடுங்கியதால் வேலை போயிற்று. அண்ணி மகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் இரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, கல்லீரல் பெரிதும் கெட்டுவிட்டது, இனிக் குடித்தால் பிழைக்கமாட்டார் என்றார். மருந்து மட்டும் போதாது, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

கூட்டம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தேன். முதலில் ஜார்ஜ்டவுனில் ஓரிடத்துக்கு, கடலைக் கடக்கும் ஃபெரி ஏறிப் போனோம். அன்பான மனிதர்கள், ஆனால் பேச்செல்லாம் ஆங்கிலம். அண்ணன் முறை வந்தபோது, "சாரி" என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது ஃபெரியில் கம்பியோரம் போய் நின்றார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே நானும் நின்றேன்.

"எல்லாரும் நல்லவங்கதான் பாப்பா. என் மனசுல இருக்கறது இங்கிலீஷ்ல வரமாட்டேங்குதே" என்றார்.

அடுத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தமிழ்க் கூட்டம். அங்கே தலைமை தாங்கியவர் நெடுநேரம் அறிவுரை சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் பாசாரில் நான் மீன் வாங்கும்போது ஒரு பெண்மணி, "அண்ணன் திருந்திட்டாராமே?" என்று சத்தமாக விசாரித்தார். விஷயம் அண்ணன் காதுக்கும் எட்டியது. கதவைச் சாத்திக்கொண்டவர், மறுபடி குடித்தார். இனி எங்கே கூட்டிப்போவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரித் தாதி ஒருவர்தான் செபராங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் கூட்டத்தைச் சொன்னார். தமிழும் மலாயும் கலந்து பேசுவார்கள், யாருடைய பெயரும் வெளியே போகாது என்றார். நான் ஓட்டிவந்த காடியை விட்டு இறங்கும்போது அண்ணன், "இதுதான் கடைசி. இதுவும் சரிப்படலன்னா என்னை விட்டுரும்மா" என்றார்.

அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே பீர் விற்றார்கள். நான் காடிக்குள் இருந்தபடி படிக்கட்டையும் அந்தக் கடையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கினார்கள். அண்ணனைக் காணோம். பின்பக்கம் வேறு வழி இருக்குமோ என்று பதறி மேலே ஓடினேன். தொழிற்சாலைச் சீருடை அணிந்த ஓர் அக்காவோடு நின்று, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

காடியில் ஏறியதும் அவரே பேசினார். "எனக்கு யாரும் புத்தி சொல்லல. அந்த அக்கா அவங்க கதைய மட்டும் சொன்னாங்க. பிள்ளையோட ஸ்கூல் பையில போத்தல ஒளிச்சு வச்சாங்களாம். நானும் செஞ்சிருக்கேன்மா." வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்த வாரமும் கூட்டிட்டு வர்றியா?" என்று கேட்டார்.

அதன்பின் ஒருமுறை சறுக்கினார். தானே போய்க் கூட்டத்தில் அதைச் சொன்னார். சறுக்கியதைவிட, சொன்னதுதான் பெரிது என்று அண்ணி திரும்பி வந்தார். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். புதிதாக வருகிறவர்களுக்குத் தேநீர் கலக்கும் பொறுப்பு அந்த மாடியில் அவருடையதாயிற்று. அப்படிப் பல ஆண்டுகள் போயின; மகளுக்குத் திருமணமாகிப் பேத்தியும் பிறந்தாள்.

ஆனால் கல்லீரல் தேறவில்லை. அதில் புற்று வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்று மத்தியானம், அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். கைப்பேசியை அணைத்துவைத்திருந்தார். அண்ணியும் நானும் பழைய மதுக்கடைகள், தெருவோர ஒட்டுக்கடைகள், படகுத்துறை என்று தேடினோம். ஒவ்வொரு கடை வாசலிலும் அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். அன்று கூட்டம் இல்லாத நாள். இருந்தும் கடைசியில், "மாடியப் பார்த்துட்டு வந்துருவோமா?" என்றார்.

அண்ணன் அங்கேதான் இருந்தார். அந்த அக்காவும் இன்னும் இருவரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வரச்சொல்லிவிட்டுத்தான் கைப்பேசியை அணைத்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "குடிக்கணும்போல இருந்துச்சு. அதான் இங்க வந்துட்டேன்" என்றார். அண்ணி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதார்.

கடைசி நாள்களில் வீட்டில்தான் இருந்தார். வலி கடுமையாக இருந்தபோதும் தெளிந்த மனத்தோடு மகளிடமும் பேத்தியிடமும் பேசிக்கொண்டிருந்தார். அப்படியே விடைபெற்றார்.

வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், துக்கத்தின் மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், கிரியைகளைச் செய்துவைத்த கோயிலாருக்கும் குடும்பத்தின் நன்றி. இறுதிச் சடங்கின்போது பின்வரிசையில் நின்று, தாங்கள் யார் என்று சொல்லாமலே போனவர்களும் உண்டு. அவர்கள் பெயரை எழுத எங்களுக்கு உரிமையில்லை. அண்ணனைக் கூடுதலாகப் பல ஆண்டுகள் எங்களுக்குத் தந்தவர்கள் அவர்கள்.

இதைப் படிப்பவர் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், வெட்கப்படாமல் என்னைக் கூப்பிடுங்கள். முதலில் போகும் இடம் சரிப்படாமல் போகலாம். அடுத்த இடத்துக்கும் நான் கூட வருகிறேன்.

என்றும் அன்புடன்,
தங்கை