பிரசவ விடுதிக் கூரைக்காக மொன்றியலில் ஒரு சீட்டிழுப்பு

லொத்தர்ச் சீட்டு என்றாலே எனக்கு எரிச்சல். அதற்காக ரொறன்ரோவிலிருந்து 540 கிலோமீற்றர் பஸ்ஸில் போனேன் என்றால் அதற்குக் காரணம் அருளண்ணை. முன்பு என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த மட்டக்களப்புக்காரர். இப்போது மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் வேலை. சுனாமி அவருடைய ஊர்ப் பிரசவ விடுதியை அள்ளிப் போய்விட்டது. அடுத்த வருடம் திரும்பவும் சுவர் எழுப்பிவிட்டார்கள், கூரைக்குத்தான் காசில்லை. அதற்காக இங்கே ஊர்ச் சங்கம் சீட்டிழுப்பு வைத்தது.

அந்த அலையில்தான் விசாவுக்குக் காத்திருந்த அவருடைய மனைவியும் ஒன்பது வயது மகள் சுபாஷினியும் போனார்கள். அண்ணை அதன்பிறகு ஊருக்குப் போகவேயில்லை. இரண்டு தரம் பிளேன் ரிக்கற் போட்டு, இரண்டு தரமும் கடைசி நேரத்தில் விட்டுவிட்டார்.

காலை 7.30 பஸ். மாலை 3.40க்கு பெரி நிலையத்தில் இறக்கிவிட்டது. மெட்ரோவுக்கு 2.50 டொலர். ஜான்-டலோனில் மாறி அக்கடியில் இறங்கினால் ஏழு நிமிட நடையில் மண்டபம். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம்தான், வெக்கை தாங்காது.

வாசலில் அண்ணையே சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று ஐந்து டொலர். மாகாண அரசின் அனுமதி எண் அச்சடித்திருந்தது.

"சூதாட்டத்துக்கு அரசாங்கமே அனுமதியோ அண்ணை?" என்று சீண்டினேன்.

"இஞ்ச ஒலிம்பிக் அரங்குக்கே லொத்தர் காசு போனது தம்பி. எங்கட கூரைக்குப் போனா என்ன?"

நம்மவர்கள் சீட்டில் தங்கள் பெயரை எழுதுவது குறைவு. பிள்ளைக்குத்தான் ராசி என்று பிள்ளையின் பெயரை எழுதுவார்கள். எனக்குப் பிள்ளையில்லை, தங்கையின் மகள் பெயரை எழுதிப் போட்டேன்.

6.30க்குக் குலுக்கல். முதல் பரிசு, ஒரு பயண முகவர் அன்பளிப்பாகக் கொடுத்த கொழும்பு போய்வரும் பிளேன் ரிக்கற். சங்கச் செயலாளர், ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, சீட்டை எடுத்து, "சுபாஷினி அருளானந்தம்" என்று வாசிக்கும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது. மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணை, வேற சீட்டு எடுக்கட்டோ?" என்று அக்கா கேட்டார்.

அண்ணை எழுந்து மேடைக்குப் போனார்.

"வேணாம் பிள்ள. அவளுக்குத்தானே விழுந்திருக்கு."

"அப்ப ரிக்கற்றை ஆற்ற பேரில போடுறது?"

அவர் அந்தச் சீட்டை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"என்ட பேரில போடுங்க. நான் போறன்."

யாரும் கை தட்டவில்லை.

இப்படியான சீட்டிழுப்புக்குப் போகிறவர்களுக்கு: அனுமதி எண்ணைப் பாருங்கள், காசு எங்கே போகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரவே திரும்ப நினைக்காதீர்கள், மொன்றியல்-நோரில் அண்ணையின் வீட்டில் படுத்துத்தான் மறுநாள் திரும்பினேன். லொத்தரில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஆசைக்குக் கொடுத்த ஐந்து ஐந்து டொலரும் சேர்ந்து கூரை ஓடாகியது உண்மை.

அண்ணை தை மாதம் போய்வந்தார். கூரையைப் படம் எடுத்தீர்களா என்று தொலைபேசியில் கேட்டேன்.

"படம் எடுக்கல்ல தம்பி. நல்ல மழை. உள்ளுக்க போய் நிண்டன். ஒழுகல்ல."