வெள்ளைப் பூவும் மாத ட்ரிப்ஸும்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை. விளங்கியவர்கள் யாராவது இருந்தால், கோயிலில் பார்க்கும்போது எனக்கும் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் குரும்பலூர்ப் பக்கம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து எந்தக் கிணற்று மோட்டாருக்குக் கரண்டு போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த மனிதர் போன தை மாதம், எங்கள் வீட்டு ஃபேன் சுவிட்ச் எது என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன்.

திருச்சியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து அல்சைமர் நோய், ஆரம்ப நிலை என்றார்கள். அங்கே ஒரு புது மருந்தை ஆராய்ச்சிக்காகக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். மாதம் ஒரு ட்ரிப்ஸ். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார்.

“பாதிப் பேருக்கு மருந்து போகும். மீதிப் பேருக்கு மருந்து கலக்காத வெறும் தண்ணி மாதிரி ஒண்ணு போகும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“டாக்டருக்கே தெரியாதுன்னா வேற யாருக்குங்க தெரியும்?”

“எல்லாம் முடிஞ்சப்புறந்தான் பிரிச்சுப் பார்ப்பாங்கம்மா. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. தலைவலி, வாந்தி, தடுமாற்றம், எது வந்தாலும் உடனே போன் பண்ணிடணும்.”

சேர்வதா வேண்டாமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஊருக்கு வந்து நம் மாரியம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆராய்ச்சியில் சேரலாம். கும்பிட வந்த ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. அவரே கையெழுத்துப் போட்டார்.

“கரண்டு இருக்கா இல்லையான்னு தெரியாம எத்தன கம்பம் ஏறிருக்கேன். இதுக்குப் பயப்படுவனா?” என்று என்னைக் கேலி வேறு செய்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனசு விடுமா? மூன்று ட்ரிப்ஸ் ஏறியும் மாற்றம் தெரியவில்லை. ஏறுவது மருந்தா தண்ணியா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பூசாரிக்குக்கூடச் சொல்லாமல் மறுபடியும் இரண்டு பொட்டலம் கட்டினேன். சிவப்பு என்றால் மருந்து, வெள்ளை என்றால் தண்ணி. வெள்ளைதான் வந்தது.

இடிந்து போனேன். நீயே சேரச் சொல்லிவிட்டு வெறும் தண்ணியைக் கொடுக்கிறாயே, இது நியாயமா என்று ஆத்தாளிடம் சண்டை போட்டேன்.

அடுத்த ட்ரிப்ஸ் ஏறிய வாரம் அவருக்குத் தலைவலி வந்தது. தண்ணி என்ன செய்துவிடும், வெயில்தான் காரணம் என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி சிஸ்டர் போனில் விசாரித்தபோது “நல்லாருக்காருங்க” என்றேன். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அதையும் வயசு என்று நினைத்தேன். ஆத்தாளே சொன்ன பிறகு டாக்டர் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆடி வெள்ளியன்று காலையில் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்துவிட்டார். என் தங்கையைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். பூ வாங்கினேன். பொட்டலம் கட்டக் கை வரவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை. “தாயே, எனக்கு ஒண்ணும் வெளங்கல. எப்படியாவது அவரக் காப்பாத்து” என்று விழுந்துவிட்டேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அந்த சிஸ்டர்தான். அடுத்த ட்ரிப்ஸ் தேதியை மாற்றுவதற்காகக் கூப்பிட்டிருந்தாள். அவள் கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். தலைவலி, வாந்தி, பொய் சொன்னது, பூக்கட்டிப் பார்த்தது வரைக்கும்.

“உடனே கெளம்புங்கம்மா. பஸ்ஸுக்கெல்லாம் நிக்காதீங்க, வண்டி புடிச்சு வாங்க.”

ஸ்கேனில் மூளையில் வீக்கமும் இரண்டு இடத்தில் சின்ன ரத்தக் கசிவும் தெரிந்தன. இந்த வகை மருந்தில் சிலருக்கு அப்படி வருமாம். ட்ரிப்ஸை நிறுத்தினார்கள். ஐப்பசிக்குள் வீக்கம் வடிந்தது.

“அப்ப அவருக்குப் போனது மருந்துதானுங்களா?” என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

“இருக்கலாம்மா. எனக்கு இன்னமும் தெரியாது. ஆனா நீங்க மறைச்சே இருந்தா, இவருக்கு ஒண்ணும் ஆகலன்னுதான் நாங்க எழுதியிருப்போம். அத நம்பி நாளைக்கு எத்தன பேருக்குக் கொடுத்திருப்பாங்க?”

மருந்துதான் போனது என்றால் ஆத்தா பொய் சொன்னாளா? இல்லை, கேட்கக் கூடாததை நான் கேட்டேனா? எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அன்றைக்குத்தான் போன் அடித்தது. அது மட்டும் தெரியும். தாயே, உனக்குக் கோடி கும்பிடு.

ஞாபகம் திரும்பவில்லை. சில நாள் என்னைப் பார்த்து “நீங்க யாரு வூட்டுக்கு வந்தீங்க?” என்கிறார். “உங்க வூட்டுக்குத்தாங்க” என்கிறேன். ஆனாலும் அவர் இருக்கிறார். இப்போது அவர் தும்மினால்கூட சிஸ்டருக்குப் போன் போட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அம்மனை நம்புங்கள், டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். அவள் யார் வாயால் பதில் சொல்வாள் என்று நமக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போனோம். வெள்ளையும் சிவப்பும் வாங்கினேன்.

“பொட்டலம் கட்டலியா?” என்றார். என் பெயர் மறந்தவருக்கு அது ஞாபகம் இருந்தது.

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்று பூவை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து ஆத்தா காலடியில் போட்டார்.