இரண்டாக்கிய படி

எங்கள் வீட்டு மாடிப்படியில் இருபத்தொரு படி. இருபதாக இருந்திருக்க வேண்டும். அந்த ஒன்று எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். கொத்தனார் போய் ஆறு வருடம் ஆகிறது. என் மனைவி போய் எட்டு மாதம். மிச்சம் நான்.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடை மேடையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். லாரி ஏறும், எடை நிற்கும், எழுதுவேன். எதைப் பார்த்தாலும் எண்ணும் வியாதி அங்கே ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றதும் பெரம்பலூரில் வீடு கட்டினோம். கீழே வாடகைக்கு விட ஒரு கடை, மேலே நாங்கள் இருவர்.

கான்கிரீட் இறுகிச் சென்ட்ரிங் பலகை பிரித்த அன்று படி ஏறிப் பார்த்தேன். எங்கள் பக்கம் படியை லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று மாற்றி மாற்றி எண்ணுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். எனக்கு நஷ்டத்தில் முடிந்தது. இறங்கி மறுபடி எண்ணினேன். இருபது. பத்து ஏறினால் திருப்பம், அங்கிருந்து இன்னொரு பத்து.

கொத்தனாரிடம் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "சார், எல்லாப் படியும் ஏழு இஞ்ச். கண்ண மூடிக்கிட்டு ஏறலாம். ஒண்ணக் கூட்டுனா கால் வாகு கெட்டுப் போயிரும்."

"நஷ்டத்துல முடியிற வூட்ல நான் குடி போகமாட்டேன்."

"அப்ப ஒரு படிய ரெண்டாத்தான் ஆக்கணும். மூணரை மூணரை இஞ்சா வரும். கால் வெக்கிற இடமும் அஞ்சஞ்சு இஞ்சுதான் கிடைக்கும். பாதி பாதம்தான் பதியும், சொல்லிட்டேன்."

சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சிரித்தாள். "என்னாங்க, அரைப் படிக்கு அரை லாபந்தான வரும்?"

கொத்தனாரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திருப்பத்தை ஒட்டிக் கீழே இருந்த பத்தாவது படியைச் செங்கல் வைத்து இரண்டாக்கினார். மேலே பூச்சு வந்ததும் வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அந்த இடத்தில் பாதத்தைக் குறுக்காக வைத்து இறங்கப் பழகிக்கொண்டோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அது நினைவிலேயே இல்லை, காலுக்கு மட்டும் தெரியும்.

வீட்டில் செய்த மற்ற தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். மின்சார மீட்டர், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றும் படிக்கட்டுக்கு அடியில். எல்லோர் வீட்டிலும் அங்கேதான் வைக்கிறார்கள். கீழே மெத்தைக் கடை வைத்தவர், இடம் போதவில்லை என்று பதினான்கு பஞ்சு மெத்தைகளை அதே இடத்தில் அடுக்கினார். எடுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை சொல்லவில்லை. அவர் கடையின் பெயர்ப்பலகை மாடி முன்பக்கத்தை முழுக்க மூடியது. அங்கிருந்த இரண்டு ஜன்னல்களும் அதற்குப் பின்னால் போயின. பக்கவாட்டில் இருந்த இரண்டு ஜன்னல்களில் முக்கால் இஞ்ச் கம்பி, சுவருக்குள் பதித்தது. திருட்டுக்குப் பயந்து மொட்டைமாடிக் கதவுக்கு இரண்டு பூட்டு. எல்லாம் ஆள் உள்ளே வராமல் இருக்கச் செய்த வேலை.

அன்று காலை காய்கறி மார்க்கெட்டில் இருந்தேன். பதினொன்று ஐந்துக்கு அவள் போன் செய்தாள்.

"கீழ என்னமோ கருகுதுங்க. கடைக்காரரு இன்னைக்கு வரலையே?"

"படிப்பக்கம் போய்ப் பாரு."

போனைக் கையில் வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். கதவு திறக்கும் சத்தம், உடனே இருமல். "கருப்பா ஏறி வருதுங்க. ஒண்ணுமே தெரியல."

"கதவச் சாத்து. ஈரத்துணிய அடியில திணி. உள்ளயே இரு, நான் வரேன்."

அந்த ஒன்றைச் சரியாகச் சொன்னேன் என்று பிறகு தீயணைப்பு நிலைய அலுவலர் சொன்னார்.

நான் ஆட்டோவில் வந்து இறங்கியபோது பதினொன்று பதினேழு. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து வரவழைத்த தீயணைப்பு வண்டி தெருமுனையில் நின்றது. எங்கள் தெருவில் முப்பத்திநான்கு வீடு. அதில் இருபத்தொன்பது வீட்டுக்காரர்கள் சாக்கடைக்கு மேல் சாய்தளம் போட்டுத் தெருவுக்குள் நீட்டியிருக்கிறோம், கார் ஏற்ற. என்னிடம் கார் கிடையாது, நானும் நீட்டியிருந்தேன். வண்டி உள்ளே நுழையவில்லை. குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்பக்கம் ஏணி சாத்தப் பார்த்தார்கள். பெயர்ப்பலகை முழுக்கத் தகடு, ஏணி வழுக்கியது. பக்கவாட்டு ஜன்னல் கம்பியை அறுக்க ஒருவர் ஏணியில் ஏறினார். கீழே மெத்தைகளில் பிடித்த நெருப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. புகை அடங்கவில்லை. போக வழி இல்லாமல் படிக்கட்டுக்குள்ளேயே சுழன்றது.

முப்பது வயது இருக்கும், ஒரு வீரர், முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, படி எப்பிடி இருக்கும்? உள்ள கண்ணு தெரியாது."

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார். "இருபத்தொரு படி தம்பி. பதினொண்ணு ஏறுனா வலது பக்கம் திருப்பம். அப்புறம் பத்து. எதுத்தாப்ல கதவு."

"பதினொண்ணு, திருப்பம், பத்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டு மாஸ்க்கை இறக்கினார்.

உயரத்தைச் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு எண்ணிக்கைதான் வாயில் வந்தது.

பதினொன்று இருபத்தாறுக்கு உள்ளே போனார். தவழ்ந்து ஏறியதால் அந்த அரைப்படிகள் அவருக்குத் தெரிந்திருக்காது. மேலே அவள் நினைவோடு இருந்திருக்கிறாள். முந்தானையை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, "நான் நடந்தே வந்துருவேன் தம்பி" என்றாளாம். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. அவர் தோளில் தூக்கிக்கொண்டு எண்ணியபடியே இறங்கியிருக்கிறார். பத்து, திருப்பம். அதற்கடுத்து வைத்த கால் ஏழு இஞ்சை எதிர்பார்த்துப் போனது. மூன்றரையில் இடித்தது. பூட்ஸில் பாதிக்கு அடியில் படியே இல்லை.

வெளியே எங்களுக்கு ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மற்ற இரண்டு பேர் நுழைந்து இருவரையும் இழுத்து வந்தபோது பதினொன்று நாற்பத்தொன்று. அவருக்கு இடது முன்கை முறிந்திருந்தது. அவள் முகத்தில் துணி இல்லை. திருச்சியில் மூன்றாம் நாள் முடிந்துபோனாள். விழுந்த அடி பெரிதில்லை, புகைதான் என்றார் டாக்டர். விழுந்து கிடந்த நேரம் எவ்வளவு என்று கேட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் என் மகள் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். அரியலூரில் கட்டிக்கொடுத்தவள், ஒரே பிள்ளை. "உசுரோட இருந்தவங்களத் தூக்குறேன்னு தூக்கி, பாதியில கீழ போட்டுட்டான்." ஏழு தடவை என் காதில் விழுந்தது. ஏழு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்த வீரர் வந்தார். கை கழுத்தில் தொங்கியது. வாசலிலேயே நின்றார். "கால் தவறிருச்சுங்க ஐயா. பன்னெண்டு வருச சர்வீஸ். படியில விழுந்ததே இல்ல. எப்பிடின்னே தெரியல. விசாரணை போட்டிருக்காங்க, அது கெடக்கு. அம்மா முதுகுல தட்டிக்கிட்டே வந்தாங்க, மெல்லப் போப்பான்னு."

மகள் உள்ளிருந்து வந்தாள். "இங்க எதுக்கு வந்தீங்க? மன்னிப்புக் கேட்டா எங்கம்மா எந்திரிச்சு வருவாங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் பழி விழ நான் பக்கத்தில் இருந்தது இது எட்டாவது தடவை. நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்தேன்.

"தம்பி, நீங்க வாங்க. நீயும் வாம்மா."

படிக்கட்டு முழுக்கக் கரி. பத்தாவது படியில் உட்கார்ந்து அளந்து காட்டினேன். மூன்றரை. அடுத்ததும் மூன்றரை. மற்றவை ஏழு. அகலத்தையும் அளந்தேன். இரண்டு படியும் ஐந்து இஞ்ச். அவர் குனிந்து பார்த்தார். நல்ல கையை வைத்துத் தடவினார். விரலெல்லாம் கறுத்துவிட்டது.

"யாருப்பா இப்பிடிக் கட்டுனது?" என்றாள் மகள்.

"கட்டுனவர் வேண்டாம்னு சொன்னாரு. நான்தான் கட்டச் சொன்னேன். லாபத்துல முடியணும்னு."

வீரர்தான் பேசினார், கோபமே இல்லாமல். "எண்ணிக்கை கரெக்டாச் சொன்னீங்களே ஐயா. அதை நம்பித்தான் வேகமா எறங்குனேன். தெரியலன்னு சொல்லியிருந்தா தடவித் தடவி எறங்கியிருப்பேன்."

மேலே போய் ஒரு தாள் எடுத்து, நிலைய அலுவலருக்கு எழுதினேன். படிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் உயரம், அகலம், அந்த இரண்டு படியும் யார் சொல்லி வந்தன, வீரர் கேட்டபோது நான் எதைச் சொன்னேன், எதைச் சொல்லவில்லை. பத்தொன்பது வரி வந்தது. கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்து ஒன்று இருந்தால் விசாரணைக்கு நல்லது என்று வீரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மகள் தாளை வாங்கினாள். ஜன்னல் பக்கம் போய் நின்று முழுதும் படித்தாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். கையெழுத்துப் போட்டு அவரிடமே நீட்டினாள். "உங்களப் பத்தித் தப்பாப் பேசிட்டேங்க" என்றாள். அவருக்கு ஒரு தம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் போய்ட்டு வரேன் என்று சொல்லாமல், சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கிப் போனாள்.