கண்ணுக்குப் பால் கேட்டு வந்தவர்கள்

என் மூத்த பையன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புளி உலுக்கும் பருவம். அப்போதுதான் எங்கள் மலையூர் முழுக்கக் கண்நோய் வந்தது. மலையடிவாரத்துப் படவேட்டுக்குப் புளி விற்கப் போனவர்கள் யாரோ கொண்டுவந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டோம். படவேட்டுக்காரர்களோ மெட்ராஸ்மேல் பழியைப் போட்டு, அதற்கு மெட்ராஸ் ஐ என்று பெயரே வைத்திருந்தார்கள். மெட்ராஸ்காரர்கள் யார்மேல் போட்டார்களோ, எனக்குத் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து தாய்ப்பால். அந்தச் சமயம் ஊரில் கைக்குழந்தைக்காரி நான் ஒருத்திதான். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ரேஷன் கடையில்கூட அப்படி ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளை என் மடியில் போடுவார்கள். நேராகக் கண்ணில் பீய்ச்சி, வழிந்ததை முந்தானையால் துடைத்து அனுப்புவேன். பெரிய ஆண்கள் பெண்டாட்டி கையில் கொட்டாங்கச்சியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தூரத்தில் நின்று வேறு பக்கம் பார்ப்பார்கள்.

வேறு பக்கம் பார்த்தது வெட்கத்தால் மட்டுமில்லை. கண்நோய்க்காரரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினோம். ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒருவர் துண்டால் இன்னொருவர் முகம் துடைத்துக்கொண்டோம்.

என் மாமியாருக்கு ஒரே பெருமை. "எம் மருமவ பாலு ஒரு சொட்டு வுட்டா போதும், பூனக்கண்ணாட்டம் பளிச்சுனு ஆய்டும்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எனக்கு உட்கார நேரமில்லை. வந்தவர்களை இல்லை என்று அனுப்பினால் பாவம் என்பார். புதிதாக வந்த மருமகள் நான், என்னத்தைப் பேசுவது?

ஒருநாள் விடியற்காலையில் பையன் வீறிட்டு அழுதான். எடுத்துப் பார்த்தால் வலது கண் திறக்கவில்லை. மஞ்சளாகச் சீழ் கட்டி இமை வீங்கி ஒட்டியிருந்தது. கண்ணே போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு ஊசி போட மலைமேல் நடந்துவருகிற நர்சம்மா அன்று எங்கள் ஊருக்கு வந்தது என் நல்ல காலம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடச் சொன்னார். பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே தடவை துடைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு வேறு எடுத்தார். பிறகு ஒரு அரிசி நீளத்துக்குக் களிம்பைக் கண்ணுக்குள் இழுத்து, மிச்சத்தை என் கையில் கொடுத்தார்.

"பச்சக் கொழந்த கண்ணுல சீழ் வெச்சா சும்மா வுடக்கூடாதும்மா. இதே மாதிரி தொடச்சிட்டுத் தொடச்சிட்டுப் போடு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொறையலன்னா கலசப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வந்துடணும்."

"எவ கண்ண எம் புள்ள பாத்துச்சோ" என்றார் மாமியார்.

"பாத்தா வராதுங்க பெரியம்மா. சீழும் கண்ணுத் தண்ணியும் கையில படுது, துணியில படுது. அந்தக் கை இன்னொரு கண்ணத் தொடுது. அப்பிடித்தான் போவுது." நர்சம்மா என் முந்தானையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "இதுல எத்தினி பேரு கண்ணத் தொடச்ச?"

"ஊர்ல பாதிங்க."

"மீதிப் பாதி?"

"நாளைக்கு வருவாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "பாலு புள்ள குடிக்கத்தான், ஊரு கண்ணுக்கு இல்ல. பெரியவங்களுக்கு பெரும்பாலும் அதுவா அடங்கிடும். வலி ஜாஸ்தியானா, பார்வ மங்கினா, வெளிச்சம் பாக்க முடியலன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் வரப்போகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. விடிந்ததும் மாமியார் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள போவாத. எம் மருமவளுக்கே கண்ணு வந்துடுச்சி. கோவப்பழமாட்டம் செவந்து கெடக்குது. பாத்தின்னா ஒட்டிக்கும்."

"எம் புள்ளைக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே யக்கா. இன்னும் இன்னா ஒட்டப் போவுது?"

"ஒனக்கு வரலல்ல? தலையக் குனிஞ்சிக்கினு வூட்டுக்குப் போ. தண்ணியக் கொதிக்கவெச்சி ஆறவெச்சி அவங் கண்ணத் தொடச்சி வுடு. அவனுக்குத் தனித்துணி குடு. தொட்டா கையக் கழுவு."

"இது யாரு சொன்ன வைத்தியம்?"

"எங்கம்மா வூட்டு ரகசியம். எவகிட்டயும் சொல்லிடாத."

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

உள்ளே நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது கேட்டுவிட்டது. மாமியார் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "இன்னாடி சிரிப்பு? கண்ணு நோவுக்காரி சிரிப்பாளா? மொனகு." நான் முனகினேன். பிரசவத்துக்குக்கூட நான் அவ்வளவு நன்றாக முனகியதில்லை. பாவம் என்று யார் யாரோ சாமைச்சோறும் தேனும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பெற்ற பிறகு நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றுதான்.

ஆனால் சோறு தொண்டைக்குள் இறங்கும்போதெல்லாம் பார்வை பையன்மேலேயே இருந்தது. துடைத்தேன், களிம்பு போட்டேன், கை கழுவினேன். பொழுது சாயத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகப் போர்வையை உதறி மடித்து வைத்தார். ஒருமுறை துடைத்தபோது பஞ்சு கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. இமை கொஞ்சம் விலகியது. உள்ளே கறுப்பு முழி அசைந்தது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அது விளக்கைத் தேடியது.

"அத்த" என்று கூப்பிட்டேன்.

வந்தவர் நேராகக் குழந்தையிடம் வரவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் போய்க் கை கழுவினார். துணியில் துடைத்தால் தப்போ என்று ஈரக் கையை அப்படியே முன்னால் நீட்டிக்கொண்டு வந்து நின்றார். ஊரில் யாரையும் எதையும் கேட்டுச் செய்து அறியாத மனுஷி.

"நான் தொடலாமாடி?" என்றார்.

"தொடுங்க அத்த" என்று பையனை அவர் கையில் கொடுத்தேன். எனக்காகப் பொய் சொன்ன வாயை அவன் திறந்த கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.