நஞ்சுக்கொடி விழும்வரை

மூன்றாம் நாள் காலை கன்றுக்குட்டியின் வாலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. தண்ணீராகக் கழிந்திருந்தது. பால் கூடிப்போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தொழுவத்தைக் கழுவினேன். மதியத்துக்குள் அது தலையைத் தூக்க முடியாமல் படுத்துவிட்டது.

சுருளிப்பட்டியில் எங்களுக்கு இரண்டு பசுக்கள். செவலை முதலில் ஈன்றது. கருப்பிக்கு அடுத்த வாரம் நாள். வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். மாடும் கன்றும் என் பொறுப்பு.

கால்நடை மருத்துவர் வந்து குட்டியின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றியதற்கு அதுதான் அடையாளமாம்.

"சீம்பால் எப்பம்மா குடுத்தீக?"

"நஞ்சுக்கொடி விழுந்தப்புறந்தான் சார். சாயங்காலம் ஆயிருச்சு."

"குட்டி எப்பப் பொறந்துச்சு?"

"காலைல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சீம்பாலில் (ஈன்றதும் சுரக்கும் மஞ்சள் பால்) உள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் குட்டியின் குடல் முதல் சில மணி நேரம்தான் முழுசாக வாங்கிக்கொள்ளும் என்றார். நஞ்சுக்கொடி (கருப்பையில் கன்றைச் சுற்றியிருந்த சவ்வு) விழக் காத்திருக்க வேண்டியதே இல்லையாம். எங்கள் பக்கம் பலரும் காத்திருப்பார்கள். ஆனால் அன்று குட்டி கத்தக் கத்தத் தாயிடம் விடாமல் கட்டிப்போட்டவள் நான்தான்.

மருத்துவர் நரம்பில் மருந்து ஏற்றினார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். கழியக் கழியத் துடைத்து, சாக்கு மாற்றினேன். ஐந்தாம் நாள் வெயில் ஏறும்போது, என் மடியில் தலை வைத்தபடியே குட்டி போய்விட்டது. பால் கட்டிக்கொண்டு செவலை கத்தியது. அழுதுகொண்டே கறந்தேன்.

"விடு புள்ள, நமக்குக் குடுத்துவச்சது அம்புட்டுத்தான்" என்றார் வீட்டுக்காரர். அவரால் அப்படி விட முடிகிறது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் கருப்பி முற்பகலில் ஈன்றது. குட்டியின் மூக்கைத் துடைத்து, பசுவின் காம்பைக் கழுவி, நிற்கத் தெரியாமல் தள்ளாடியதை அணைத்துப் பிடித்துக் குடிக்க வைத்தேன். தோட்டத்திலிருந்து வந்தவர் வாசலிலேயே கேட்டார்.

"நஞ்சுக்கொடி விழுந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"அதுக்குள்ளயா? விழட்டும் புள்ள."

"அது விழுகுறப்ப விழுகட்டும். டாக்டர் சொன்னாகல்ல. இது குடிச்சுருச்சு."

குந்தியிருந்த நான் எழப் பார்த்தேன்; முழங்கால் நிமிரவில்லை. அவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

உங்கள் வீட்டில் பசு ஈன்றால் காத்திருக்காதீர்கள். கருப்பியின் குட்டி இப்போது தொழுவத்தில் துள்ளுகிறது. செவலையின் குட்டி காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தியதே, அந்தப் பகல் மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை.