புரட்டாசியில் கரையேறிய சால்மன்

மீன் வளர்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. மீன் வளர்க்கிறேன் என்று நியூஜெர்சித் தமிழர்களிடம் சொல்வதுதான் கஷ்டம்.

ஐ.டி. கம்பெனியில் சென்சார்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். லே-ஆஃபில் வெளியே வந்தபோது, தெற்கு ஜெர்சியில் ஒரு கிடங்குக்குள் சால்மன் வளர்க்கும் பண்ணையில் ஆட்டோமேஷன் இன்ஜினியர் வேலை கிடைத்தது. எச்-ஒன்-பி விசாவும் பண்ணையின் பேருக்கு மாறியது. அதாவது முதல் அறுவடை விற்றால் நான் இன்ஜினியர். விற்காவிட்டால் பண்ணை மூடும், விசாவும் மூடும். மனைவி வித்யா, நாலாவது படிக்கும் மகள் நிலா, நான், மூன்று பேரும் சோபாவை ஃபேஸ்புக்கில் விற்றுவிட்டு ஈரோட்டுக்கு டிக்கெட் போட வேண்டியதுதான். அடுத்தவர் கனவை நம்பித் தன் விசாவை அடமானம் வைத்திருக்கும் சக பாவப்பட்டவர்களே, கேளுங்கள்.

கெண்டைக்கு பாஸ்போர்ட்

சேர்ந்த புதிதில் மான்மவுத் ஜங்ஷனில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. சமோசா தட்டோடு ஓர் அங்கிள் என்னை ஓரங்கட்டி, என்ன வேலை என்று விசாரித்தார். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, திரும்ப ஆற்றுக்கு வரும் மீன். எங்கள் பண்ணையில் கடலுக்கே அனுப்புவதில்லை. பெரிய வட்டத் தொட்டிகளில் நல்ல தண்ணீரிலேயே வளர்க்கிறோம். அதே தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் திரும்ப விடுகிறோம். கடலும் கெடாது, காட்டு மீனுக்கு நோயும் பரவாது. இதற்குப் பெயர் சஸ்டெய்னபிள் என்று மூச்சு விடாமல் விளக்கினேன்.

அங்கிள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டாவது சமோசாவையும் முடித்தார். பிறகு என் தோளில் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "சோ, பேசிக்கலி கெண்டை மீனுக்கு பாஸ்போர்ட் எடுத்துக் குடுத்திருக்கீங்க."

முதலாளியின் தட்டு

எங்கள் முதலாளி நாராயணன் சார் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக் கூடத் தொடமாட்டார். கடல் அழிகிறது, உலகத்துக்குப் புரதம் வேண்டும் என்று எங்கோ ஒரு மாநாட்டில் கேட்டுவிட்டு வந்து, பெரிய ஐ.டி. வேலையை உதறிவிட்டுப் பண்ணை ஆரம்பித்தவர். சால்மனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அதன் செதில், கல்லீரல், மன உளைச்சல் எல்லாம் தெரியும். ருசி மட்டும் தெரியாது. முதலீட்டாளர் யாராவது எப்படி இருக்கும் என்று கேட்டால், மார்க்கெட் சொல்லும் என்பார். சாப்பிடுகிறவனுக்கு ஆசை கண்ணை மறைத்துவிடும், தனக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்றும் சேர்த்துக்கொள்வார்.

அவர் வீட்டில் ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். புளியோதரை, தயிர்சாதம், நடுவில் லேப்டாப்பில் மீன் குடல் படம். சைவக் குடும்பத்தில் இந்தத் தொழில் எப்படி என்று அவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். மாமி எனக்கு இன்னொரு கரண்டி புளியோதரை போட்டுக்கொண்டே சொன்னார்: "இவர் பெருமாள் பக்தர் இல்லையா, அதான் பிசினஸையும் முதல் அவதாரத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கார்."

காவிரிப் பிரச்சினை

தொட்டிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்தால் உலகம் அழிந்துவிடும் என்பதால், சார் காவிரி, வைகை, பாலாறு என்று வைத்தார். பாலாறு என்று பெயர் வைத்த தொட்டிக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதுவேதான் ஆனது. வாராவாரம் பம்ப் மக்கர். காவிரித் தொட்டியிலிருந்து பாலாற்றுக்குத் தண்ணீர் திருப்ப நான் வால்வைத் திறந்தால், காவிரியைப் பார்த்துக்கொண்ட கைல் என்ற அமெரிக்கப் பையன் வந்து மூடுவான். தன் மீனுக்கு ஆக்சிஜன் குறைகிறது, ஒரு சொட்டுகூட விட்டுத்தர மாட்டேன் என்பான்.

கணக்குப் பிரிவிலிருந்து டெரன்ஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எடிசனில் வீடு, ஞாயிறு தவறாமல் சர்ச். எங்கள் சண்டையைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுச் சொன்னார்: "பெடியனுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை, ஆனா சரியாத்தான் செய்யிறான்."

பண்ணைச் சுற்றுலா

தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளைப் பண்ணைக்கு அழைத்து வந்தார்கள். குழந்தைகள் தொட்டியைப் பார்த்தார்கள், பெற்றோர் எங்களைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். ஆர்கானிக்கா, ஆன்டிபயாடிக் உண்டா, ஒமேகா-த்ரீ எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். மீனுக்குப் புல் போடுகிறீர்களா, கிராஸ்-ஃபெட் என்றால்தான் உடம்புக்கு நல்லது என்று இன்னொருவர் சொன்னார். அவர் ஒரு டாக்டர் என்பதை மரியாதை கருதிச் சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன், முடியவில்லை.

நான் மைக் பிடித்து, சால்மனுக்கு எதிர்நீச்சல் பழக்கம், அதனால் தொட்டியில் தண்ணீரைச் சுழலவிட்டு நாள் முழுக்க நீந்த வைக்கிறோம் என்று பெருமையாக விளக்கினேன். என் மகள் நிலா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தே ஆர் ஜஸ்ட் கோயிங் இன் சர்க்கிள்ஸ். லைக் அப்பா லுக்கிங் ஃபார் பார்க்கிங் ஆன் ஓக் ட்ரீ ரோட்."

எல்லாருக்கும் தலை வேண்டும்

முதல் அறுவடை நெருங்கியது. பிரின்ஸ்டன் பக்கம் சில ரெஸ்டாரன்ட் நடத்தும் ஒரு செஃப், பாதி மீனை எடுத்துக்கொண்டு பார்ப்பதாகச் சொன்னார். பிடித்தால் தொடர்ந்து வாங்குவார். மீதிப் பாதி நம் மக்களுக்கு என்று சார் முடிவு செய்து, எடிசன் தமிழர் வாட்ஸாப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். ஆர்டர் குவிந்தது. வஞ்சிரம் மாதிரி வட்டமாக வெட்ட வேண்டும். தோல் வேண்டாம். தோல் கண்டிப்பாக வேண்டும். குழம்புக்குத் தலை வேண்டும். எல்லாருக்கும் தலை வேண்டும். ஒரு மீனுக்கு ஒரு தலைதான் என்று நான் போட்ட மெசேஜுக்குக் கீழேயே இன்னும் இரண்டு பேர் தலை கேட்டார்கள்.

அறுவடைத் தேதியை நாங்கள் சாஃப்ட்வேரில் போட்டிருந்தோம். மீனின் எடை, தண்ணீரின் சூடு, லாரி கிடைக்கும் நாள், எல்லாம் அதில் இருந்தது. தமிழ் மாதம் மட்டும் இல்லை. தேதி அச்சுப் பிசகாமல் புரட்டாசி நடுவில் விழுந்தது. ஆர்டர் கொடுத்த வீடுகள் முக்கால்வாசி அந்த மாதம் கவுச்சி தொடாது. குழு அப்படியே அடங்கிவிட்டது. அதிகமாக ஆர்டர் கொடுத்திருந்த கமலா ஆன்ட்டிக்கு போன் போட்டேன். பதறவே இல்லை. "மாசம் முடியட்டும் தம்பி, அதுவரைக்கும் உயிரோட ஃபிரெஷ்ஷா வெச்சிருங்க. நாங்க எங்க ஓடிடப் போறோம்?"

நிபுணர் குழு

தமிழர்களுக்கென்று வைத்த பாதி போனதால், செஃப் முழுவதையும் எடுத்தால்தான் உயிர் பிழைப்போம் என்று ஆனது. அதற்கு முன்னால் ஒரு சடங்கு பாக்கி. சுழற்சித் தண்ணீரில் வளரும் மீனில் லேசாக மண்வாடை ஏறும். அதனால் அறுவடைக்கு முன் தீனியை அடியோடு நிறுத்திவிட்டு, புதுத் தண்ணீர் ஓடும் தனித் தொட்டியில் சில நாள் பட்டினியாக விட வேண்டும். வாடை போனதா என்று ஒரு மீனைச் சமைத்து, தின்று பார்க்க வேண்டும். அதற்கு எந்த சென்சாரும் கிடையாது, நாக்குதான்.

லாரி வருவதற்கு முந்தின நாள் நிபுணர் குழு கூடியது. சார் சைவம். நான் புரட்டாசி. கைலுக்கு மீன் பட்டாலே உடம்பு தடித்துவிடும். அப்படிப்பட்டவன் மீன் பண்ணையில் ஏன் சேர்ந்தான் என்று கேட்டால், மீன்களைப் பிடிக்கும் என்கிறான். உலகத் தரம் வாய்ந்த சால்மன் பண்ணையில் சால்மன் தின்ன ஆளில்லை. கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து டெரன்ஸ் அண்ணனைக் கூட்டிவந்து உட்கார வைத்தோம். ஒரு துண்டு வாயில் போட்டார், மென்றார், முள்கரண்டியை வைத்துவிட்டார். மண் மணக்கிறது என்றார். சார் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் நாக்கு ஒரு டேட்டா பாயின்ட்தான், அதை நம்பி லாரியை நிறுத்த முடியாது என்றார்.

நான் தட்டை இழுத்தேன். வித்யாவுக்குத் தெரிந்தால், அரசாங்கத்துக்கு முன்னால் அவளே என்னை நாடு கடத்துவாள். தின்றேன். முதல் மழையில் கிளம்பும் மண்வாசனை நல்ல விஷயம்தான், தட்டில் வரக்கூடாது. அனுப்பினால் செஃப் ஒரு வாயோடு நம்மை மறந்துவிடுவார். அனுப்பாவிட்டால் வேறு பண்ணையைப் பார்ப்பார். இரண்டிலும் என் விசா இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டார்: "தம்பி, இது மீன் இல்லை, மழை பெய்ஞ்ச வீட்டு வளவு. இதைக் காசுக்கு ஆர் வாங்கித் தின்னுறது?"

சனிக்கிழமை தர்மம்

வாடை ஏன் போகவில்லை என்று புரியவில்லை. தண்ணீர் சரியாக ஓடியிருந்தது. நாளும் போதுமானது. தொட்டியின் அடியில் பார்த்தால், பட்டினி கிடக்க வேண்டிய மீன்களின் கழிவு படிந்திருந்தது. சாப்பிடாத மீனுக்கு அது எப்படி வரும்? யாராவது தீனி போட்டீர்களா என்று கேட்டேன். கைல் தலையாட்டினான், இல்லை என்று. டெரன்ஸ் அண்ணன் தான் மீனைப் பார்ப்பதே தட்டில்தான் என்றார்.

நாராயணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு, பண்ணையின் நிறுவனர், ஒரு மீனின் பட்டினியைப் பற்றி மாநாடுகளில் படம் போட்டு விளக்கியவர், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "புரட்டாசி சனிக்கிழமை சேகர். ஆத்துல பெருமாளுக்குத் தளிகை ஆச்சு. நான் வயிறு நிறைய சாப்டுட்டு வந்து நிக்கறேன், அதுகள்லாம் வாயைத் திறந்துண்டு என்னையே பார்க்கறது. மனசு கேக்கல, ரெண்டு கை போட்டேன்."

வெட்டப் போகிற மீனுக்கு விருந்து. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் மகளின் பள்ளிக்கூடத்தை ரெண்டு கை அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டு நிற்கிறாரே என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை. அனுப்புவதென்றால் நீங்களே ஒரு வாய் தின்றுவிட்டு அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். சார் தட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு செஃபிடம், நாளைக்கு மீன் வராது, அதில் மண்வாடை இருக்கிறது, அவை பசியோடு இருந்ததால் நான்தான் தீனி போட்டுவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். நான் மனசுக்குள் சோபாவுக்கு விலை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு செஃப் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் அல்ல, வார்த்தைக்கு வார்த்தை இதுதான்: "இன்னும் சில நாள் பட்டினி போடுங்கள், நானே வந்து தின்று பார்க்கிறேன். கொல்லப் போகிற மீனுக்குச் சாப்பாடு போட்ட ஆளையும் பார்க்க வேண்டும்."

தமிழில் ஒரு போர்டு

மறுபடி பட்டினி. இந்தத் தடவை சார் தொட்டிப் பக்கமே வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார் என்று மாமி போனில் புலம்பினார். செஃப் வந்து, வறுத்து ஒன்று, வறுக்காமல் ஒன்று என்று தின்று பார்த்து, தலையாட்டி, மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். இனி ஒவ்வொரு அறுவடையிலும் வேண்டும் என்றும் சொன்னார். லாரியில் ஏற்றும்போது சார் பார்க்கிங்கைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அழுகை வந்தது. விசாவுக்காக என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே பட்டினித் தொட்டியின் மேல் 'தயவுசெய்து உணவளிக்காதீர்' என்று பெரிய எழுத்தில் போர்டு மாட்டினேன். வேலை செய்கிற பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாதே, இங்கிலீஷில் ஏன் போடவில்லை என்று புதிதாக வந்த பெண் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் கைல் சொன்னான்: "இட்ஸ் ஓகே. தி ஒன்லி கை ஹூ நீட்ஸ் இட் கேன் ரீட் இட்."

நல்ல நாள்

ஐப்பசி பிறந்த கையோடு கமலா ஆன்ட்டி போன் செய்தார், சொன்ன சொல் தவறாதவர். அந்த மீனெல்லாம் செஃப் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அடுத்த அறுவடை கார்த்திகையில், உங்களுக்குத் தலையோடு எடுத்து வைக்கிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்சம் யோசனை ஓடியது. "கார்த்திகையில வீட்டுக்காரர் மலைக்கு மாலை போடறார் தம்பி. அப்புறம் மார்கழி வந்துடும், அதுவும் வேணாம். தை பொறந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க, கண்டிப்பா வாங்கிக்கறேன்."

ஆக, மாதத்துக்கு ஒரு விரதம் வைத்திருக்கும் என் இனத்தை நம்பி மீன் வளர்த்து, பஞ்சாங்கமே பார்க்காத ஒரு செஃபின் புண்ணியத்தில் என் குடும்பம் இன்னும் நியூஜெர்சியில் பார்க்கிங் தேடிக்கொண்டிருக்கிறது.